எனக்கும் வந்தது அம்மாவின் வலி

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்கு."

காலையில் எழுந்ததும் என் அம்மா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் வரும் நேரமும், அம்மா இதைச் சொல்லும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்துவிட்டது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், "போம்மா, ஒனக்கு வீட்டு வேலைன்னா வலி. விசேஷ வீடுன்னா மட்டும் வலி எங்க போகுதோ தெரியல!" என்று சொல்லிவிட்டேன். அம்மா பதில் ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2012இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, என்னுடைய முப்பத்தெட்டாவது வயதில், அதே வலி என் வீட்டுக்கு வந்தது.

முதலில் தோளில்தான் ஆரம்பித்தது. துணி துவைத்ததால் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். பிறகு கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை என்று ஊர்வலம் போல உடம்பு முழுக்கச் சுற்றி வந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க அரை மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கினாற்போலவே இருக்காது. மகன் ஓடி வந்து கட்டிப் பிடித்தால்கூட 'ஐயோ' என்று கத்திவிடுவேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் என்னைத் தொடுவதையே விட்டுவிட்டான். இதைவிட ஒரு தாய்க்கு என்ன தண்டனை வேண்டும், சொல்லுங்கள்!

மறதி வேறு. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போவேன். எதற்கு வந்தோம் என்று நின்று யோசிப்பேன். கீழே சோறு கரிந்த வாடை வரும்.

டாக்டர்களுக்குக் குறைவில்லை. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், வாதத்துக்கான பரிசோதனை, யூரிக் ஆசிட் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல்! நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? நானோ ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே, "உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுலதான்" என்றார். வலி மாத்திரைகளைத் தின்று தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

வீட்டில் என் மாமியார் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. "ஏளா, நாங்க ஆட்டுரல்ல மாவாட்டுனோம். குடங்குடமாத் தண்ணி சுமந்தோம். எங்களுக்கு இல்லாத வலியா ஒனக்கு வந்துட்டு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார்கள். நான் அம்மாவிடம் கேட்டது என் காதிலேயே திரும்பி விழுந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேசாமையே சில சமயம் பேச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் 2021இல் பாளையங்கோட்டையில் ஒரு வாதநோய் நிபுணரிடம் போனோம். அவர் புதிதாக ஒரு பரிசோதனையும் எழுதவில்லை. உடம்பின் படம் ஒன்றைக் காட்டி, எங்கெங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக வலிக்கிறது, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, ஞாபகம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பிறகு, "உங்களுக்கு இருக்கிறது ஃபைப்ரோமயால்ஜியா. இது நிஜமான வியாதிதான். நீங்க நடிக்கவும் இல்லை, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னை நம்பினார்! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறேன். கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுகிறார்கள் அல்லவா? பாடுகிறவர் மெதுவாகப் பாடினாலும் சத்தத்தைக் கூட்டி வைத்தால் தெருவே அதிரும். அது போல, இந்த வியாதியில் மூளையும் முதுகுத் தண்டும் வலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுகின்றன. சாதாரணமாகத் தொட்டாலும் வலியாகக் கேட்கும். மூட்டு தேய்வதில்லை, சதை அழுகுவதில்லை. அதனால்தான் எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் வருவது உண்டாம். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தூங்குவதற்கு முன் போட ஒரு மாத்திரை எழுதினார். பிறகு, "முக்கியமான மருந்து இனிமேதான் சொல்லப் போறேன். தினமும் நடங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நிற்க முடியவில்லை என்று வந்தவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறாரே! வெளியே வந்து அவரிடம், "இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்திய?" என்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாக, "ஓய்வு எடுத்துத்தான் மூணு வருசம் பாத்தாச்சே. இதையும் பாத்துருவமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மைதான். வலிக்கிறது என்று படுப்பேன். படுக்கப் படுக்க உடம்பு பலம் இழக்கும். பலம் இழந்த உடம்பு சின்ன வேலைக்கே வலிக்கும். மறுபடி படுப்பேன். செக்குமாடு மாதிரி இந்த வட்டத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு பெண்தான் எனக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தாள். நாற்பது வயதில் நடக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னால் சிரிப்பீர்கள்! "அம்மா, மொதல்ல ஐந்து நிமிஷம். சமமான தரையில, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேண்டாம்" என்றாள்.

"இதுக்குப் பேர் ஏரோபிக் பயிற்சி. மூச்சும் இதயமும் கொஞ்சம் வேகம் எடுக்கணும், அதே வேகத்துல தொடர்ந்து போகணும். நடக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்டப் பேச முடியணும். ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு" என்றாள். எவ்வளவு சுலபமான கணக்கு, பாருங்கள்!

"நாள் முழுக்க வீட்டு வேலை பாக்கேனே, அது போதாதா?" என்று கேட்டேன். நம் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அவள் அழகாகச் சொன்னாள். வீட்டு வேலையில் குனிவோம், நிமிர்வோம், தூக்குவோம், நிற்போம். விட்டு விட்டு நடக்கிற காரியம் அது. ஒரே தோளுக்கும் ஒரே இடுப்புக்கும்தான் திரும்பத் திரும்பப் பாரம். மூச்சு ஒரு சீராக வேகம் எடுப்பதில்லை. போதாததற்கு, பள்ளிக்கூட வேன் வந்துவிடுமே என்ற பரபரப்பு வேறு. அதனால் வீட்டு வேலை உடம்பைக் களைப்பாக்குமே தவிர, இந்தப் பயிற்சிக்கு ஈடாகாது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. எதிர்வீட்டு மதினி கோலப்பொடியும் கையுமாக, "எங்கக்கா போறிய விடியக் காலத்துல?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஐந்து நிமிஷம்! அதற்கே தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தது. முதல் இரண்டு வாரம் வலி கூடத்தான் செய்தது. 'அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க' என்று அந்தப் பெண் முன்னாலேயே சொல்லியிருந்ததால் விடாமல் போனேன். வாரம் ஒன்றுக்கு ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கூட்டினேன்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெகு நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. கடற்காற்று வேறு சுகமாக வீசியது. பீச் ரோட்டில் ரோச் பூங்கா பக்கம் போனவள், வேகமாக நடந்துகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம்! வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. நாலு நாள் படுக்கை. "நடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று ஷூவைப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்படிப் படுத்துக் கிடந்தபோதுதான் என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அம்மாவின் அப்பா. சங்கு குளித்தவர். எங்கள் கடலில் 1961இல் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தபோது அவரும் குளியாளியாகப் போயிருக்கிறார். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து ஆழத்துக்கு இறங்குவதும், மூச்சை அடக்கிச் சிப்பியை வாரிக்கொண்டு கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவதும், மேலே நிற்பவர் தூக்கிவிடுவதுமாகச் சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்லுவார். "மொத நாளே ஆழத்துக்குப் போறவன் மறுநாள் வள்ளத்துல படுத்துக் கெடப்பான். கடலு எங்கயும் ஓடிப் போயிராது மக்கா. மூச்சத்தான் கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணும்" என்பார்.

கதையாகக் கேட்டது அன்றைக்குப் பாடமாகத் தெரிந்தது. ஷூவைப் பரணிலிருந்து இறக்கினேன். மறுபடி ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை எனக்கு நானே இரண்டு சட்டம் போட்டுக்கொண்டேன். உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் கூடுதலாக நடக்கக் கூடாது. உடம்பு மோசமாக இருக்கிற நாளிலும் அடியோடு நிறுத்தக் கூடாது, பாதியாவது நடக்க வேண்டும். முப்பது நிமிஷத்துக்கு வந்து சேர எனக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது.

முதலில் திரும்பி வந்தது தூக்கம்தான். பிறகு காலைப் பிடிப்பு அரை மணியிலிருந்து பத்து நிமிஷமாகக் குறைந்தது. வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் முன்பு வலி என்னை ஆண்டது. இப்போது அது பக்கத்து அறையில் குடியிருக்கிற மாதிரி. சத்தம் கேட்கும், ஆனால் என் வேலையை நான் பார்க்கலாம். மகன் பழையபடி கட்டிப் பிடிக்கிறான். அது போதாதா!

என் மகள் நர்சிங் படிக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லப்போக, அவள் படித்துப் பார்த்துப் பல விஷயங்கள் சொன்னாள். இந்த வலிக்கு 1904இலேயே கவர்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று ஒரு பெயர் வைத்தாராம். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள், உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களிலாவது வலித்தால் இந்த வியாதி என்று வகுத்தார்கள். 2010இல் அழுத்திப் பார்க்காமலே கேள்விகள் மூலம் கண்டுபிடிக்கும் முறை வந்தது. என் டாக்டர் படத்தைக் காட்டிக் கேட்டது அதனால்தான்.

1975இல் கனடா நாட்டில் மால்டாஃப்ஸ்கி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைச் சத்தம் போட்டுக் கலைத்துப் பார்த்தார்கள். சில நாளிலேயே அவர்களுக்கும் இதே மாதிரி உடம்பு வலி வந்துவிட்டதாம்! கைக்குழந்தையையும் நோயாளியையும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழிக்கிற நம் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

1988இல் அதே கனடாவில் மக்கெய்ன் என்ற டாக்டர் குழுவினர் 42 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி. மற்றவர்களுக்குக் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். 20 வாரம் கழித்துப் பார்த்தால், இதயத் துடிப்பைக் கூட்டியவர்களுக்கே வலியைத் தாங்கும் சக்தி அதிகமாயிருந்தது. பிறகு பல நாடுகளில் நடந்த இப்படிப்பட்ட 13 ஆராய்ச்சிகளை, மொத்தம் 839 பேருடைய விவரங்களை, 2017இல் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். ஏரோபிக் பயிற்சியால் அன்றாட வாழ்க்கை மேம்படுகிறது, வலியும் பிடிப்பும் ஓரளவு குறையலாம் என்று தெரிந்தது. 'ஓரளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். என் அனுபவமும் அதுவேதான். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இடையில் ஒரு சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லாவில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். அரிசி மூட்டையை மேலே ஏற்றி, மெத்தையை ஏற்றி, தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வழித்துத் தள்ளி... ஒரு வாரம் நான் ஓயவே இல்லை. ஆச்சரியம், அப்போது வலியே தெரியவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் விழுந்தேன். பத்து நாள் எழுந்திருக்கவில்லை.

அம்மா விசேஷ வீட்டில் ஓடியாடி வேலை செய்ததும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சுருண்டு கிடந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விசேஷ வீட்டில் வலி இல்லாமல் இல்லை. பிறகு மொத்தமாகக் கட்டுகிற கடன் அது. நான் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பத்தாம் நாள் காலையில் என் மாமியார் காபியைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தார்கள். கட்டிலுக்குக் கீழே கிடந்த ஷூவைக் காலால் என் பக்கம் தள்ளினார்கள். "ஏளா, இன்னிக்கு அஞ்சு நிமிசம் போயிட்டு வா. தோசைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். ஆட்டுரல் கதை சொன்ன அதே மாமியார்! அன்றைக்கு நடந்த ஐந்து நிமிஷத்தில் பாதி தூரம் கண்ணில் தண்ணீரோடுதான் நடந்தேன்.

என்னைப் போன்ற சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உடம்பு வலியெல்லாம் இந்த வியாதி ஆகிவிடாது. ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு என்று வேறு காரணங்கள் உண்டு. மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நின்றுவிடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடைதான் என்றில்லை, சைக்கிள் மிதிக்கலாம், வசதி உள்ளவர்கள் தண்ணீருக்குள் நடக்கலாம். எது உங்களால் விடாமல் செய்ய முடியுமோ அதுவே நல்லது. விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

2023 நவம்பரில் அரசாங்கம் ஜில்லாவுக்கு ஜில்லா எட்டு கிலோமீட்டர் நடைபாதை திட்டம் ஒன்று தொடங்கியது. நடக்க முடிந்தவர்கள் தாராளமாக நடக்கட்டும். நமக்கு எட்டு நிமிஷம் கிடைத்தாலே பெரிது. ஆனால் அந்த எட்டு நிமிஷத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள். 'டீயை இன்றைக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். சுகருக்கு மாத்திரை போடுவதற்கு யாராவது கூச்சப்படுகிறோமா? இதுவும் மருந்துதானே!

இன்னொன்று. உங்கள் வீட்டில் அம்மாவோ, மாமியோ, அக்காவோ "உடம்பெல்லாம் வலிக்கு" என்று சொன்னால், தயவு செய்து சிரிக்காதீர்கள். கனடாவில் அந்த ஆராய்ச்சி வெளியான 1988இல் என் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. அந்தச் சங்கதி எங்கள் தெருவுக்கு வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு நடையைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நம்புவதற்காவது நான் இருந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் விடியற்காலையில் பீச் ரோட்டில் நடக்கும்போது, கடலுக்கு மேலே சூரியன் வருகிற நேரம், அம்மா பக்கத்தில் வருவதாக நினைத்துக்கொள்வேன். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடப்பேன். பேச முடிகிற வேகம்தானே சரியான வேகம்!